கடலில் தொலைந்த நீர்மூழ்கிக் கப்பலின் வரலாற்றைத் திரட்டுவது எப்படி?

மூழ்கிப்போன நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் விபத்தின் காரணத்தையே முதலில் தேடுகின்றனர். அதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். கப்பல் புறப்பட்ட துறைமுகம், செல்லவேண்டிய இடம், வகுக்கப்பட்ட பாதை, கரைக்குக் கடைசியாக வந்த செய்தியின் நாள், நேரம் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொண்டு, நேரங்கள் அனைத்தையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள்.

அடுத்து, கரை ஒதுங்கிய பொருள்களை ஆராயலாம். ஆனால் அவற்றை மட்டுமே நம்பி இடத்தை முடிவுசெய்யக் கூடாது. பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத்திலிருந்து இஸ்ரேலின் ஹைஃபாவுக்கு வந்துகொண்டிருந்த இஸ்ரேலிய நீர்மூழ்கிக் கப்பல் 'டாக்கர்', 1968 ஜனவரி 25 அன்று 69 பேருடன் மறைந்தது. ஓராண்டுக்குப் பின் அதன் அவசரகால மிதவை காசாப் பகுதியின் கான் யூனிஸ் கரையில் கிடைத்தது. அதைச் சோதித்த வல்லுநர்கள், கப்பல் தன் பாதையிலிருந்து வெகுதூரம் விலகி, ஆழம் குறைந்த பகுதியில் கிடக்கிறது எனக் கருதியதால், தேடுதல் பல ஆண்டுகள் தவறான இடங்களில் நடந்தது. 1999 மே மாதத்தில், கிரீட் தீவுக்கும் சைப்ரஸுக்கும் இடையே, ஏறத்தாழ 3,000 மீட்டர் ஆழத்தில், வகுக்கப்பட்ட பாதையிலேயே அது கண்டுபிடிக்கப்பட்டது. குடும்பங்கள் 31 ஆண்டுகள் காத்திருந்தன என்பதை நினைத்தால், முதல் குறிப்புகளை ஏன் கைவிடக் கூடாது என்பது விளங்கும்.

பின்னர் ஒலிப்பதிவுகளைத் தேடுங்கள். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிப்பதற்காக அசென்ஷன், குரோசே தீவுகளுக்கு அருகே கடலுக்கடியில் வைக்கப்பட்ட ஒலிவாங்கிகள், அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' 44 பேருடன் மறைந்த 2017 நவம்பர் 15 அன்று அசாதாரணமான ஓர் ஓசையைப் பதிவு செய்திருந்தன. கப்பலின் சிதைவுகள் ஓராண்டு கழித்து, ஏறத்தாழ 900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தன.

காரணத்தை எழுதும்போது, முரண்படும் கூற்றுகளை யார் சொன்னது என்ற விவரத்துடன் அருகருகே வையுங்கள். 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிய பாகிஸ்தானின் 'காஸி', இந்தியப் போர்க்கப்பலான 'ராஜ்புத்' வீசிய குண்டுகளால் அழிந்ததாக இந்தியக் கடற்படை கூறியது. கப்பலுக்குள் ஏற்பட்ட வெடிப்போ, அது இட்ட கண்ணிவெடியோ காரணம் என்பது பாகிஸ்தான் தரப்பு வாதம். ஒன்றை மட்டும் எழுதுவது வரலாறு ஆகாது.

இறந்தோர் எண்ணிக்கையைச் சரிபார்க்கும்போது கடற்படையினரை மட்டும் எண்ணிவிடாதீர்கள். 1963 ஏப்ரல் 10 அன்று மூழ்கிய அமெரிக்காவின் 'த்ரெஷர்' கப்பலில் மாண்ட 129 பேரில் 17 பேர், சோதனை ஓட்டத்துக்காக உடன் சென்ற, கடற்படையைச் சேராதவர்கள். அவர்களின் பெயர்களும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.