கொட்டாங்குச்சியில் கரண்ட் போகும் கோடு

பெங்களூரு பீன்யாவில் ஒரு சின்னப் பட்டறையில் லேசர் கட்டிங் மிஷின் ஓட்டுகிறேன். பகலெல்லாம் அக்ரிலிக் பெயர்ப் பலகை. ஆறு மணிக்கு மேல் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு என் சொந்த வேலை: கொட்டாங்குச்சியில் கிராபீன் கோடு போடுவது. கிராபீன் என்பது கார்பன் அணுக்களாலான, கரண்ட் நன்றாகப் போகும் மிக மெல்லிய படலம். தேங்காய் துருவியதும் அம்மா அதை எனக்கென்று ஜன்னலோரம் கவிழ்த்து வைத்துவிடுகிறார்.

2014-ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழுவினர், பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக்கின் மேல் கார்பன் டை ஆக்சைடு லேசரை ஓட்டி அதைக் கிராபீனாக்கினார்கள். 2018-ல் தேங்காய் ஓடு, உருளைக்கிழங்குத் தோல், ரொட்டி, அட்டை என்று வந்துவிட்டார்கள். சூட்சுமம் இதுதான்: முதல் தடவை லேசர் படும்போது பொருள் கரியாகிறது. அந்தக் கரியின் மேல் மறுபடி பட்டால்தான் கிராபீன். மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னின் என்ற பொருள் ஓட்டில் நிறைய இருப்பதால் அது நல்ல கரியாகிறது.

முதலில் நாரைச் சுத்தமாகச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். என் முதல் ஓட்டில் நார் மிச்சமிருந்து குப்பென்று பற்றிக்கொண்டது. ஓடு வளைவானது, லேசரோ ஒரே உயரத்தில் ஓடும். அதனால் பெரிய தேங்காயின் பக்கவாட்டில் இரண்டு சென்டிமீட்டர் துண்டு வெட்டி, மேல்பக்கத்தைத் தேய்த்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். ஒரு நாள் வெயிலில் காயட்டும்.

இப்போது ஃபோகஸ். வெட்டும்போது புள்ளியை எவ்வளவு கூராக வைக்கிறோமோ அவ்வளவு நல்லது. இங்கே அப்படிச் செய்தால் ஓடு குழி விழும், கரி பறந்துபோகும். ஃபோகஸ் பிடித்த பிறகு மேடையை இரண்டு மில்லிமீட்டர் இறக்குங்கள். புள்ளி அகலமாகி, பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஒரே இடம் பல தடவை சூடாகும். எங்கள் 40 வாட் மிஷினில் பவர் 12 சதவீதம், வேகம் நொடிக்கு 150 மில்லிமீட்டர், கோட்டு இடைவெளி 0.05 மில்லிமீட்டர். பத்து சதவீதத்துக்குக் கீழே எங்கள் ட்யூப் நிலையாக எரிவதில்லை. காற்றுக் குழாயைக் குறைத்து, லென்ஸில் புகை படியாத அளவுக்கு மட்டும் விடுங்கள். மூன்று தடவை ஓட்டுங்கள்.

எக்ஸாஸ்ட் ஓடாமல் தொடங்காதீர்கள், மிஷினை விட்டு நகராதீர்கள். சோதனைக்குக்கூட பி.வி.சி. வேண்டாம், அதில் வரும் அமிலப் புகை நுரையீரலையும் மிஷினையும் அரித்துவிடும்.

முதல் சுற்றுக்குப் பிறகு பழுப்பு கலந்த கறுப்பு, மீட்டரில் ஒன்றும் காட்டாது. மூன்றாவதில் வெல்வெட் போன்ற ஆழ்ந்த கறுப்பு. நிறத்தை நம்பாதீர்கள், மல்டிமீட்டரை நம்புங்கள். அதிலும் முள்ளை நேரடியாகக் குத்தினால் தூள் பெயர்ந்து அளவு துள்ளும். இரண்டு ஓரத்திலும் கரண்ட் கடத்தும் சில்வர் பேஸ்ட் தடவி, காய்ந்தபின் அதன்மேல் முள்ளை வையுங்கள். எங்கள் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் சின்னக் குப்பியாகக் கிடைக்கும். சதுரமாகப் போட்டால் ஒப்பிடுவது சுலபம்: ஒரு சென்டிமீட்டர் சதுரமும் இரண்டு சென்டிமீட்டர் சதுரமும் ஒரே ஓம்தான் காட்ட வேண்டும். ரொம்ப மாறினால் கோடு சீராக விழவில்லை.

என் நல்ல பட்டை ஒன்று 480 ஓம். ஒன்பது வோல்ட் பேட்டரி, சிவப்பு எல்.இ.டி., நடுவில் அந்தப் பட்டை. தனியாக ரெசிஸ்டரே வேண்டாம், ஓடே அந்த வேலையைச் செய்கிறது. விளக்கு எரிந்ததும் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். கையால் தேய்க்க விடாதீர்கள், மேலே செலோடேப் ஒட்டிவிடுங்கள்.

கரண்ட் போவதால் மட்டும் அது கிராபீன் என்று ஆகிவிடாது, நல்ல கரியிலும் போகும். லேசர் ஒளி பாய்ச்சி, சிதறி வரும் ஒளியைப் பிரித்துப் பார்க்கும் ராமன் நிறமாலையில் 2700 cm⁻¹-ஐ ஒட்டி ஒரு முகடு எழ வேண்டும். 1928-ல் நம் சி.வி. ராமன் கண்ட விளைவுதான் இந்தச் சோதனைக்கு அடிப்படை, அவர் தொடங்கிய ஆய்வுக்கூடமும் இதே ஊரில்தான் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்தில் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு துண்டைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை சுற்று ஓட்டினீர்கள் என்று துண்டின் பின்னால் எழுதிக் கொடுங்கள்.