மைமோனிடிஸை எங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்?

இடைக்கால யூதத் தத்துவம் என்றதும் பலரும் நேராக மைமோனிடிஸின் 'குழம்பியோருக்கான வழிகாட்டி'யைத்தான் கையில் எடுக்கிறார்கள். வேண்டாம். முதல் பாகத்தில் அத்தியாயம் அத்தியாயமாக பைபிள் சொற்களுக்கு விளக்கம் போய்க்கொண்டே இருக்கும், அரிஸ்டாட்டிலும் யூத வேதமான தோராவும் ஓரளவு தெரிந்த மாணவரை மனதில் வைத்து எழுதியது என்பதால் புதிதாக வருபவர் அங்கேயே நின்றுவிடுவார்.

அதற்குப் பதில் அவருடைய 'எட்டு அத்தியாயங்கள்' படியுங்கள். பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவுக்கு அவர் எழுதிய உரையில் ஒரு முன்னுரையாக வருவது, சின்னதுதான். ஸ்பெயினின் கார்டோபாவில் பிறந்து எகிப்தில் மருத்துவராக இருந்த மனிதர் இல்லையா, மனதின் குறைகளையும் உடல் நோய் மாதிரியே பார்க்கிறார்: கஞ்சனை ஒரே ஒரு தடவை தாராளமாகக் கொடுக்க வைத்தால் போதாது, மறுபடி மறுபடி அள்ளிக் கொடுக்கப் பழக்கி, அந்தக் குணம் விட்டபிறகு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்கிறார். எவ்வளவு கூர்மை!

அப்புறம் இன்னொரு இடைக்கால யூத அறிஞரான யூதா ஹலேவியின் 'குஸாரி'. கஸார் என்ற மக்களின் அரசனும் ஒரு யூத அறிஞரும் பேசுவதாகவே பெரும்பகுதி போவதால் படிக்கச் சிரமமில்லை, தத்துவவாதிகளுக்கு எதிர்த்தரப்பு வாதமும் கிடைத்துவிடும்.

இப்போது வழிகாட்டிக்கு வரலாம். முன்னுரையை மட்டும் விடாதீர்கள், ஒரு நூலில் முரண்பாடுகள் வர 7 காரணங்களை அங்கே அடுக்குகிறார், அதில் சிலவற்றைத் தானே பயன்படுத்தியிருப்பதாகவும் சொல்கிறார். அதன்பின் 3ஆம் பாகம், 51ஆம் அத்தியாயத்துக்குத் தாவிவிடுங்கள், கடவுளை நெருங்குவதை ஓர் அரசனின் அரண்மனையை நெருங்குவதாகக் காட்டும் உவமை அங்கேதான் இருக்கிறது. செஃபாரியா என்ற யூத நூல்களின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் இலவசமாகவே படிக்கலாம்.