இரு கொம்பன் சுறாக்களை ஒப்பிடும் முறை

மீனவர்கள் பொதுவாகக் கொம்பன் சுறா என்றே அழைக்கும் சுத்தியல் தலைச் சுறாக்களில், ஸ்பிர்னா லெவினி, ஸ்பிர்னா சைகேனா என்னும் இரண்டும் எளிதில் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளப்படுபவை. ஆகவே, காப்பு நிலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், கையிலுள்ளது எந்த இனம் என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலில் தலையை மேலிருந்து நோக்குங்கள். முன்விளிம்பின் நடுவில் தெளிவான பள்ளம் இருந்தால் அது லெவினியாக இருக்கலாம். நடுப்பள்ளமின்றி விளிம்பு சீராக வளைந்திருந்தால் அது சைகேனா. ஆனால் பெரிய கொம்பனான ஸ்பிர்னா மொகரானுக்கும் நடுப்பள்ளம் உண்டு என்பதால், அடுத்து இடுப்புத் துடுப்பைப் பாருங்கள்: அதன் பின்விளிம்பு மொகரானில் உட்குழிந்தும், லெவினியில் ஏறக்குறைய நேராகவும் இருக்கும். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் கூடுதல் கவனம் தேவை; அங்கு 2013-இல் விவரிக்கப்பட்ட ஸ்பிர்னா கில்பெர்ட்டி, தோற்றத்தில் லெவினியை ஒத்து, முள்ளெலும்புகளின் எண்ணிக்கையிலேயே வேறுபடுகிறது.

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில், 2018-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, லெவினி மிக அருகிய இனம். சைகேனா அழிவாய்ப்பு இனம். இவற்றை வெறும் தரவரிசையாகக் கொள்ளாமல், பின்னுள்ள அளவுகோலையும் சேர்த்துப் படியுங்கள். மூன்று தலைமுறைக் காலத்தில், காரணம் இன்னும் நீங்காத நிலையில், எண்ணிக்கை 80 விழுக்காடோ அதற்கு மேலோ சரிந்தால் முதல் வகை. 30 விழுக்காட்டிலிருந்து 50-க்குள் என்றால் பிந்தைய வகை. ஆக, பட்டியலில் கீழே இருக்கும் சைகேனாவும் பெரும் இழப்பைச் சந்தித்த இனமே. அதைப் பாதுகாப்பான இனம் என்று எழுதுவது பெருந்தவறு.

இந்த வேறுபாட்டை வாழிடத்தோடு பொருத்திப் பார்ப்பது பயன் தரும். வெப்பமண்டலக் கரைகளில், மீன்பிடிப்பு செறிந்த நீரிலேயே லெவினி பெரிதும் வாழ்கிறது. கிழக்குப் பசிபிக்கிலுள்ள காலபாகஸ், கோகோஸ், மால்பெலோ தீவுகளைச் சுற்றிப் பெருங்கூட்டமாகவும் திரள்கிறது. சைகேனாவோ மிதவெப்பக் கடல்களிலும் பரவலாக வாழ்கிறது. மேலும், ஒரே இனத்தின் நிலை கடலுக்குக் கடல் மாறும்: 2014-இல் அமெரிக்கா, கடற்பகுதிவாரியாகப் பிரிக்கப்பட்ட லெவினியின் ஆறு பிரிவுகளில் நான்கை மட்டுமே தன் அருகிய உயிரினச் சட்டத்தின்கீழ்ச் சேர்த்தது.

வணிக ஒழுங்குமுறையை மட்டும் தனியாக வைத்து ஒப்பிடுங்கள். 2013-இல் பாங்காக்கில், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில், அதாவது வணிகத்தை முற்றாகத் தடுக்காமல் கட்டுப்படுத்தும் பட்டியலில், இரண்டும் சேர்க்கப்பட்டன. எனினும் லெவினி தன் சரிவுக்காகவும், சைகேனா அதன் துடுப்புகள் லெவினியின் துடுப்புகளை ஒத்திருப்பதாலும் சேர்க்கப்பட்டவை என்பதால், ஒரே பின்னிணைப்பில் இருப்பதை ஒரே அளவு ஆபத்தாகக் கொள்ளலாகாது.