அறுத்த வயலில் பட்டி இறக்குமுன்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

காலபோக (மாரிகாலப் பெரும்போக) நெல் அறுவடை முடிந்து மெஷின் வயலை விட்டு ஏறியதும், அறுத்து மிஞ்சிய தாளும் வரம்புப் புல்லும் மாட்டுக்கு அருமையான தீன். மேய்ச்சற்தரை சுருங்கிப்போன வட இலங்கையின் வன்னியில் மாசி, பங்குனி மாதங்களில் மாட்டுப் பட்டி பிழைப்பதே இந்த வயல்களில்தான். ஆனால் வயல் வெறுமையாகக் கிடக்கிறது என்பதற்காக அது பொதுக்காணி ஆகிவிடாது. 1876 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அத்துமீறிய மாட்டைப் பிடித்து வைத்து நட்டம் கேட்கக் காணிக்காரருக்கு அதில் வழி உண்டு. றோட்டில் நின்றால் கட்டாக்காலி என்று பிரதேச சபை பிடித்துத் தண்டம் அறவிடும்.

புதிதாகப் பட்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறி சுடுவது, காதிலக்கம் போடுவது, கால்-வாய் நோய்க்கு ஊசி போடுவது எல்லாம் முடிந்துவிட்டதாக வைத்துக்கொள்கிறேன். அவை முடியாத மாட்டை அடுத்தவர் காணிக்குள் இறக்கவே கூடாது.

படி 1: தாள் யாருடையது என்று கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான பிணக்கு இங்கேதான் தொடங்குகிறது. "காணிக்காரர் ஓம் எண்டவர்" என்று மாட்டை இறக்குவார்கள். அடுத்த நாள் காலை இன்னொருவர் தடியோடு வந்து நிற்பார். இரண்டு பேர் பக்கத்திலும் நியாயம் இருக்கும்.

வன்னியில் ஒரு வயலுக்கு மூன்று பேர் இருக்கலாம். உறுதியிலோ அனுமதிப்பத்திரத்திலோ பெயர் உள்ளவர் முதலாமவர். அவர் கனடாவிலோ லண்டனிலோ இருந்தால் அற்றோணி (தத்துவப் பத்திரம்) பெற்றுக் காணியைப் பார்ப்பவர் இரண்டாமவர். குத்தகைக்கு எடுத்து இந்தப் போகம் விதைத்தவர் மூன்றாமவர். நெல்லை ஏற்றியதும் குத்தகைக்காரரின் உரிமை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். வைக்கலைக் கட்டி விற்க மெஷினுக்குச் சொல்லி வைத்திருப்பவர் அநேகமாக அவர்தான். கட்டாத வைக்கலில் ஐம்பது மாடு ஒரு இரவு நடந்தால் அந்த வைக்கல் விலைபோகாது. குத்தகை வருடக் கணக்கிலா போகக் கணக்கிலா என்பதையும் கேளுங்கள். வருடக் குத்தகை என்றால் அடுத்து வரும் சிறுபோகம் (கோடைப் பயிர்) முடியும்வரை வயல் அவர் கையில்தான்.

கண்டுபிடிக்கும் ஒழுங்கு இது. முதலில் பக்கத்து வயல்காரர். யார் விதைத்தார், யார் மெஷின் பிடித்தார் என்று அவருக்குத் தெரியும். அடுத்தது கமக்கார அமைப்பின் செயலாளர். உர மானியத்துக்குப் பெயர் கொடுத்தவர் யார் என்பதை வைத்தே பயிர் செய்தவரைச் சொல்லிவிடுவார். அதற்கும் பிடிபடாவிட்டால் கமநல சேவை நிலையம், கடைசியாக விதானையார் (கிராம அலுவலர்). நேரே விதானையாரிடம் போகிறவர்கள் உண்டு. அவரிடம் உரித்தாளியின் பெயர் இருக்கும். விதைத்தவர் யார் என்பது அநேகமாகத் தெரியாது.

கோயில் காணி என்றால் பரிபாலன சபையைக் கேளுங்கள். பூசகர் தலையாட்டியது அனுமதி ஆகாது. சகோதரர்கள் சேர்ந்த பங்குக் காணி என்றால் ஊரில் இருப்பவர் எல்லாருக்குமாகச் சொல்கிறாரா, தன் பங்குக்கு மட்டும் சொல்கிறாரா என்று வாய்திறந்து கேளுங்கள். பங்கு எந்த வரம்போடு முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள்.

வயல் காட்டோரமாக இருந்தால் இன்னொன்று. காணிக்காரரின் அனுமதி அவருடைய கடைசி வரம்போடு முடிந்தது. எல்லைக்கல்லுக்கு அப்பால் வனவளத் திணைக்களத்தின் பொறுப்பு. அதற்குள் மாட்டை விடச் சொல்ல எந்தக் காணிக்காரராலும் முடியாது.

படி 2: கேட்கப் போகுமுன் வயலை நடந்து பாருங்கள்

காலையில் போங்கள். நான்கு மூலையும் நடவுங்கள். ஈரம் முக்கியம். குதிக்காலால் ஊன்றி அழுத்துங்கள். அடி பதிந்து, குழியின் விளிம்பில் தண்ணீர் கசிந்தால் அந்த வயலுக்கு மாடு இன்னும் ஆகாது. குளம்பு புதைந்த இடம் காய்ந்ததும் கல்லாக இறுகும். அடுத்த உழவில் றக்ரர்காரர் அதற்குத் தனியாகக் காசு கேட்பார், காணிக்காரர் உங்களைக் கேட்பார். குதி பதியாமல் மண் உதிர்ந்தால் இறக்கலாம்.

மெஷின் திரும்பிய வயல் முனைகளையும் நெல்லை ட்ரெயிலரில் கொட்டிய இடத்தையும் பாருங்கள். சிந்திய நெல் அங்கே குவிந்து கிடக்கும். பசியோடு வரும் மாடு அதைத்தான் முதலில் மொய்க்கும். அளவுக்கு மிஞ்சித் தின்றால் வயிறு புளித்து ஊதும், மாடு படுத்துவிடும். கூட்டி அள்ளக் காணிக்காரரிடம் கேளுங்கள். அள்ளிய நெல்லை அவரிடமே கொடுங்கள்.

அடுத்தது தண்ணீர். காய்ந்த தாள் தின்னும் உள்ளூர் மாட்டுக்கு வெயில் நாளில் 30 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். ஐம்பது மாட்டுக்கு 1500 லீற்றர். பவுசரில் கொண்டுவந்து கட்டுப்படியாகாது. பக்கத்தில் குளம் இருக்க வேண்டும். குளத்துக்கு அணைக்கட்டின் மேலால் மாட்டை ஏற்றாதீர்கள். அலைகரைப் பக்கமாக (கட்டு இல்லாத கரையால்) சுற்றிக் கொண்டுபோங்கள். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயலுக்குப் பாயும் சிறு குளம் என்றால் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்கார அமைப்பும், பெரிய குளம் என்றால் நீர்ப்பாசனத் திணைக்களமும் கட்டுக்குப் பொறுப்பு. கட்டு சரிந்தால் அவர்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி, மாட்டின் உயிர் போகிற விஷயங்கள். காணிக்காரரிடம் இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள்:

"அண்ணை, பண்டிக்கு வெங்காய வெடி, சுருக்குக் கம்பி ஏதும் வைச்சிருக்கிறியளோ? கரன்ட் கம்பி இழுத்திருக்கோ? எலி மருந்து போட்டதோ? களைநாசினி அடிச்சு எத்தனை நாள்?"

வெங்காய வெடி, அதாவது தீனுக்குள் ஒளித்து வைக்கும் வெடி, சட்டவிரோதம். பூசணித்துண்டுக்குள் வைத்தது பன்றிக்காக என்றாலும் கடிக்கிற மாட்டுக்கு வாய் சிதறும். பிறகு தின்னவோ குடிக்கவோ முடியாமல் பட்டினியில் சாகும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சியிருந்தால் மாட்டோடு மேய்ப்பவரும் போய்விடுவார். தான் வைக்கவில்லை என்று காணிக்காரர் சொன்னாலும் பக்கத்து மேட்டுக்காணியில் கச்சான், சோளம் நின்றால் அங்கேயும் ஒருதரம் விசாரியுங்கள். இராக்காவலுக்குத் துப்பாக்கி அனுமதியோடு ஆள் படுக்கிற இடமென்றால், பட்டி எங்கே அடைக்கப்படுகிறது என்பதை அந்த ஆளுக்கு நேரில் காட்டிவிடுங்கள். இருட்டில் அசையும் கன்று பன்றியைப் போலத்தான் தெரியும்.

சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ கண்ணிவெடி அகற்றுவோர் நட்ட சிவப்புத் தடிகளோ கண்ணில் பட்டால் அந்தப் பக்கமே வேண்டாம். மாடு எல்லைக்கோடு பார்த்து மேயாது.

படி 3: கொடுக்கக்கூடியதை மட்டும் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்

காணிக்காரர் காசு கேட்பது குறைவு. அவருக்கு வேண்டியது எரு. மாட்டை இரவில் வயலிலேயே அடைத்தால் சாணமும் சலமும் அங்கேயே விழும். உரம் விற்கும் விலைக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் "அஞ்சு ஏக்கரும் அடைச்சுத் தாறன்" என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவிட்டுப் பாதியில் போகிறவர்களால்தான் அடுத்த வருடம் எல்லாப் பட்டிக்காரருக்கும் கதவு அடைபடுகிறது.

கணக்கு இதுதான். ஐம்பது உள்ளூர் மாட்டுக்கு 15 மீற்றருக்கு 15 மீற்றர் அடைப்பு போதும். ஒரு மாடு இரவில் ஏறத்தாழ 4 முதல் 5 கிலோ ஈரச்சாணம் போடும், ஐம்பதுக்கும் 200 முதல் 250 கிலோ. ஒரு ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். அதற்குள் அப்படி 18 அடைப்புக்கு இடம் உண்டு. ஓர் இடத்தில் ஒரு இரவு என்றால் ஏக்கருக்கு 18 இரவு, இரண்டு இரவு என்றால் 36 இரவு. ஓர் இடத்தில் ஒரு இரவு வீதம் ஒரு மாதத்துக்கு உங்களால் நேர்மையாக ஒப்புக்கொள்ளக்கூடியது ஒன்றரை ஏக்கர். மேடாகவும் மண் வெளிறியும் கிடக்கும் துண்டு எதுவென்று அவரையே காட்டச் சொல்லி அங்கே அடையுங்கள்.

பட்டி அடைக்க முட்கம்பியை விட நைலோன் கயிறே மேல். காட்டுத்தடி நட்டு மூன்று வரி கட்டுங்கள். முட்கம்பியில் மடி கிழிந்தால் அந்தப் பசுவின் ஒரு காம்பு போனதுதான். கயிறு என்றால் தினமும் கழற்றி மாற்றவும் இரண்டு பேர் போதும். கன்றுகளுக்குத் தனித் தடுப்பு வையுங்கள்.

கறவை இருந்தால் வீட்டுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு போத்தல் பால் கொடுப்பது நல்ல வழக்கம். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதிர்பார்ப்பு ஒன்று, கிடைப்பது ஒன்று என்று வரக்கூடாது.

படி 4: கேட்பது

வீட்டுக்குப் போங்கள், பின்னேரம் நாலரைக்குப் பிறகு. படலையில் நின்று கூப்பிடுங்கள். மாட்டை வயலோரம் நிறுத்திவிட்டு அனுமதி கேட்கப் போகாதீர்கள். மறுக்க முடியாதபடி ஆளை நெருக்குவது அது.

"அம்மா, நான் இன்ன ஊர். ஐம்பத்திரண்டு மாடு நிக்குது. உங்கட வாய்க்கால் பக்க வயலிலை இருவது நாள் மேய்க்கக் கேட்டு வந்தனான். இரவிலை நீங்கள் சொல்லுற துண்டிலை அடைச்சுத் தாறன். வரம்பு உடைஞ்சா நானே கட்டித் தருவன்."

எண்ணிக்கை, நாள், இடம், பொறுப்பு. இவ்வளவும் முதல் மூச்சிலேயே வந்துவிட வேண்டும். "கொஞ்ச மாடு, கொஞ்ச நாள்" என்று சொல்பவரை யாரும் நம்பமாட்டார்கள். யோசிக்க வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள், இரண்டு நாள் கழித்துப் போங்கள். மறுத்தால் ஏன் என்று வாதாட வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவரிடம் தொலைபேசியில் பேசிய பிறகு அதே விபரத்தை வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்பி, "ஓம்" என்ற பதிலை எடுத்து வையுங்கள். குரல்பதிவை விட எழுத்தே நல்லது. பிறகு ஊரில் இருக்கும் உறவினருக்குக் காட்ட அதுதான் உதவும்.

இன்னொன்று, வழி. உங்களுக்கு அனுமதி கிடைத்த வயலுக்குப் போக இரண்டு பேரின் வரம்பைக் கடக்க வேண்டியிருந்தால் அந்த இருவரையும் கேட்க வேண்டும். கடக்கும் இடத்தை ஒன்றாக வையுங்கள். மண்மூடை நான்கைந்து இருபுறமும் போட்டுச் சரிவாக்கினால் வரம்பு விழாது.

படி 5: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

தெரிந்த ஆட்கள்தானே என்று இதை விடுகிறவர்கள் அதிகம். சாதாரணக் கொப்பி ஒற்றை போதும், முத்திரை தேவையில்லை. இப்படி எழுதலாம்:

"............ வாய்க்காலின் கீழுள்ள எனது/நான் குத்தகைக்குச் செய்யும் ..... ஏக்கர் வயலில் ............ என்பவரின் ..... மாடுகளை (குறி: .....) பங்குனி ..... முதல் ..... வரை மேய்க்கவும் இரவில் அடைக்கவும் சம்மதிக்கிறேன். வரம்பு, வாய்க்கால், வேலி சேதமானால் மாட்டுக்காரர் மூன்று நாளுக்குள் திருத்துவார். அயல் வயலுக்குள் மாடு போனால் பொறுப்பு மாட்டுக்காரருடையது. சிறுபோகக் கூட்டத்தில் குறித்த நாளுக்கு முன் மாடு வெளியேறும்."

கடைசி வரியை ஒருபோதும் விடாதீர்கள். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரைக்குளம் போன்ற குளங்களின் கீழ் சிறுபோகத்துக்குத் தண்ணீர் எந்தப் பகுதிக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று கூட்டத்தில்தான் முடிவாகும். வயற்பரப்பிலிருந்து மாடுகளை அகற்ற வேண்டிய திகதியும் அங்கேதான் குறிக்கப்படும். உங்கள் வயலுக்கு விதைப்பு இல்லாவிட்டாலும் அடுத்த வாய்க்காலுக்கு இருக்கலாம். காணிக்காரர் தந்த நாளுக்கு மேலே கூட்டத்தின் நாள் நிற்கும்.

இரண்டு பிரதி எழுதி ஒப்பம் வாங்குங்கள். ஒன்று அவருக்கு.

படி 6: இறக்குவதும் ஏற்றுவதும்

முதல் நாள் வயிறு காய்ந்த மாட்டை இறக்காதீர்கள். வரும் வழியில் புல் மேயவிட்டு, தண்ணீர் காட்டி, பத்து மணிக்குப் பிறகு இறக்குங்கள். அன்றைக்கு இரண்டு மணி நேரம் போதும். வரம்புகளைக் கைப்பேசியில் முன்கூட்டியே படம் எடுத்து வையுங்கள். முன்னமே உடைந்திருந்த வரம்பு எது என்று பிறகு பேச்சு வராது.

தையிலேயே இறக்குகிறவர்கள் குளிரை மறக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் இறந்தன. மழையும் காற்றும் சேர்ந்து வந்தால் அன்றிரவு வயலில் அடைக்க வேண்டாம். மரக்கூடலுக்குள் கொண்டுபோங்கள். ஒரு இரவு எரு குறைந்தால் காணிக்காரர் விளங்கிக்கொள்வார், சொல்லிவிட்டால் சரி.

வெளியேறும் நாளில் தடி நட்ட குழிகளை மூடுங்கள், கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்குங்கள், கடவையில் போட்ட மண்மூடைகளை எடுங்கள். காணிக்காரரை அழைத்து வரம்போடு ஒரு சுற்று நடவுங்கள். அவர் காட்டும் உடைவை அவர் நிற்கும்போதே மண்வெட்டியால் கட்டுங்கள்.

பின்னர் சேர்த்தது

குத்தகைக்காரர் ஓம், காணிக்காரர் இல்லை என்றால்? இறக்காதீர்கள். அவர்களுக்குள் பேசி முடிக்கட்டும். நடுவில் நீங்கள் நின்றால் பிடிபடுவது உங்கள் மாடு.

அனுமதி இருந்தும் மாடு அயல் வயலுக்குள் போய்ப் பயிரைத் தின்றுவிட்டால், அவர் தேடி வருமுன் நீங்கள் போங்கள். கமக்கார அமைப்பிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு சேதத்தை அன்றைக்கே அளவிடுங்கள். மூன்று நாள் போனால் பன்றி தின்றதும் உங்கள் மாட்டின் கணக்கில்தான் சேரும்.