ஓவென்று அழுதார், வள்ளென்று விழுந்தார்: ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) எழுதும் நர்ஸ்களுக்குத் திருச்சியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். எழுத்துப் பகுதியில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிடத்தில் கடிதம் எழுதச் சொல்வார்கள். பேச்சுப் பகுதியில் இரண்டு ரோல்பிளே, அதாவது நர்ஸும் நோயாளியும் போல நடித்துப் பேசுவது. திடீரென்று அழுகிறவர், கத்துகிறவர், சிரிக்கிறவர் எல்லோரையும் வார்டில் பார்த்துப் பழகியவர்கள்தான் என் மாணவர்கள். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் ‘ஹி பிகேம் வெரி ஆங்கிரி’ என்பதைத் தாண்டி வார்த்தை வருவதில்லை. அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். திடீர் அழுகை, கோபம், சிரிப்பு இவற்றைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். கூட எந்தச் சொல் வரும், யாரைப் பற்றிச் சொல்லலாம் என்பதோடு சேர்த்துப் படியுங்கள்.

தமிழிலிருந்தே தொடங்கலாம். குபீரென்று சிரித்தார் என்றால் ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’. அழுகைக்கு ‘பர்ஸ்ட் இன்ட்டு டியர்ஸ்’, ‘பர்ஸ்ட் அவுட் கிரையிங்’ இரண்டும் சரி. ‘இன்ட்டு’ வந்தால் பின்னால் பெயர்ச்சொல், ‘அவுட்’ வந்தால் பின்னால் ‘இங்’. இரண்டையும் கலந்து ‘பர்ஸ்ட் இன்ட்டு கிரையிங்’ என்று எழுதுவதை என் வகுப்பில் அடிக்கடி திருத்துகிறேன். இறந்தகாலத்திலும் ‘பர்ஸ்ட்’தான். ‘பர்ஸ்டட்’ வேண்டாம்.

‘பிரேக் டவுன்’ வேறு. ஸ்கேன் முடிவைக் கேட்டதும் ஒருவர் பொலபொலவென்று கண்ணீர் விட்டால் ‘பர்ஸ்ட் இன்ட்டு டியர்ஸ்’. அவருடைய மனைவி ஒரு வாரமாக எல்லோருக்கும் தைரியம் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் பேச்சின் நடுவே தாங்க முடியாமல் உடைந்து அழுதால் ‘ஷி புரோக் டவுன்’. அடக்கி வைத்த நாட்களும் அந்தச் சொல்லுக்குள் இருக்கின்றன.

இப்போது ‘அவுட்பர்ஸ்ட்’, அதாவது உணர்ச்சி திடீரென்று வெடிப்பது. இது பெயர்ச்சொல் மட்டுமே. ‘ஹி அவுட்பர்ஸ்டட்’ என்று ஒரு வினை கிடையாது. ‘அன் ஆங்கிரி அவுட்பர்ஸ்ட்’, ‘அன் அவுட்பர்ஸ்ட் ஆஃப் ஆங்கர்’ என்று வரும். இதில் கவனிக்க வேண்டியது, கட்டுப்பாட்டை இழந்துவிட்டார் என்ற தீர்ப்பு உள்ளேயே இருக்கிறது. தன்னைப் பற்றிச் சொன்னால் மன்னிப்பு: ‘சாரி ஃபார் மை அவுட்பர்ஸ்ட்’. அடுத்தவரைப் பற்றிச் சொன்னால் குறை. ஆபரேஷன் முடிந்த நோயாளி வலி மாத்திரைக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து குரலை உயர்த்துகிறார் என்று வையுங்கள். ‘பேஷன்ட் ஹேட் அன் அவுட்பர்ஸ்ட்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் அவருடைய வலி மறைந்துபோகும், கோபக்காரர் என்ற பெயர் மட்டும் அடுத்த ஷிஃப்ட் வரை நிற்கும். அதற்குப் பதில் கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்: ‘பேஷன்ட் ரெய்ஸ்ட் ஹிஸ் வாய்ஸ் ஆஃப்டர் வெய்ட்டிங் டூ அவர்ஸ் ஃபார் பெயின் ரிலீஃப்’. அடுத்து வருகிற நர்ஸ் முதலில் மாத்திரையைத்தான் பார்ப்பார்.

‘டான்ட்ரம்’ சின்னக் குழந்தைக்கு உரிய சொல். கடை வாசலில் புரண்டு அடம்பிடிக்கும் இரண்டு வயசுக் குழந்தை ‘த்ரோஸ் எ டான்ட்ரம்’. பெரியவர்களுக்குப் போட்டால் அவமதிப்பு. ஆட்டிசம் உள்ள குழந்தை சத்தத்தாலும் வெளிச்சத்தாலும் திணறிக் கத்தும்போது அந்தச் சொல் வேண்டவே வேண்டாம். அதற்கு ‘மெல்ட்டவுன்’. டான்ட்ரமும் மெல்ட்டவுனும் ஒன்றல்ல என்று பிரிட்டனின் நேஷனல் ஆட்டிஸ்டிக் சொசைட்டியும் வலியுறுத்துகிறது. அந்தக் குழந்தை எதையும் சாதிக்க அழவில்லை, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாமல் அழுகிறது. இதை மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கலான சொல் ‘ஃபிட்’. ‘ஃபிட்ஸ் வந்துடுச்சு’ என்றால் நமக்கு வலிப்புதான். ஆங்கிலத்தில் ‘இன் எ ஃபிட் ஆஃப் ரேஜ்’ என்றால் ஆத்திரத்தில். ‘எ ஃபிட் ஆஃப் காஃபிங்’ என்றால் விடாத இருமல். ‘மை மதர் வில் ஹேவ் எ ஃபிட்’ என்றால் அம்மா கடுங்கோபம் கொள்வார், அவ்வளவுதான். வலிப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சீஷர்’ என்றே எழுதுங்கள், குழப்பமே வராது.

பக்கவாதம் வந்த சிலர், மனதில் ஒன்றும் இல்லாமலே திடீரென்று சிரிப்பார்கள் அல்லது அழுவார்கள். மருத்துவப் பெயர் சூடோபல்பார் அஃபெக்ட். இங்கே ‘பர்ஸ்ட் அவுட் லாஃபிங்’ என்றால் ஏதோ வேடிக்கையைப் பார்த்துச் சிரித்தார் என்று ஆகிவிடும். ‘எபிசோட்ஸ் ஆஃப் அன்கன்ட்ரோலபிள் லாஃபிங்’ என்று எழுதுங்கள்.

மீதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். வள்ளென்று விழுவது ‘ஸ்னாப் அட்’. ‘லாஷ் அவுட்’ என்றால் வாயாலும் இருக்கலாம், கையாலும் இருக்கலாம். அதனால் அடித்தாரா, திட்டினாரா என்பதை அடுத்த வாக்கியத்தில் தெளிவாக்குங்கள். யோசிக்காமல் உளறிக்கொட்டுவது ‘பிளர்ட் அவுட்’. தாம்தூம் என்று குதிப்பதற்கு ‘ஹிட் த ரூஃப்’, ‘ஃப்ளை ஆஃப் த ஹேண்டில்’ இரண்டும் உண்டு. பின்னது, பிடி தளர்ந்த கோடாரியின் தலை கழன்று பறப்பதிலிருந்து வந்தது. பேச்சில் நன்றாக இருக்கும், கடிதத்தில் வேண்டாம். ‘ஃப்ளேர் அப்’ கோபத்துக்கும் வரும், மூட்டுவலி திடீரென்று அதிகமாவதற்கும் வரும். ‘அவுட்பிரேக்’ நோய் பரவுவதற்கும் சண்டை மூள்வதற்கும்தான், தனி மனிதரின் கோபத்துக்கு இல்லை.

அப்புறம் ரோல்பிளே. எதிரில் இருப்பவர் கோபத்தில் வெடித்தால் ‘காம் டவுன்’ என்று தொடங்காதீர்கள். அது வாயை மூடு என்பது போலத்தான் காதில் விழும். ‘ஐ கேன் சீ திஸ் ஹேஸ் பீன் வெரி அப்செட்டிங் ஃபார் யூ’ என்று சொல்லிவிட்டுச் சற்று நிறுத்துங்கள், அவர் பேசி முடிக்கட்டும். பிறகு ‘வுட் யூ லைக் டு டெல் மீ வாட் ஹேப்பண்ட்?’ என்று கேளுங்கள். நோயாளியோடு உறவை வளர்ப்பதற்கும், அவருடைய பார்வையைப் புரிந்துகொள்வதற்கும் ஓ.இ.டி. பேச்சுத் தேர்வில் தனித்தனியாக மதிப்பீடு உண்டு. இந்த இரண்டு வாக்கியமும் இரண்டிலும் கைகொடுக்கும்.