சென்னை மாடியில் தக்காளி: விதையிலிருந்து காய் வரை

தக்காளிக்கு உரத்தைவிட முக்கியம், எப்போது விதைக்கிறோம் என்பது. முதல் தடவை நான் பிப்ரவரியில் விதைத்தேன். ஏப்ரலில் செடி கொள்ளாமல் பூத்தது, ஒன்றுகூடக் காயாகவில்லை. பூக்காம்பின் நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அது மஞ்சளாகி, தொட்டாலே பூ அந்த இடத்தில் கழன்று விழுந்தது. வெயில் 35 டிகிரியைத் தாண்டி ராத்திரியும் புழுங்கினால் மகரந்தம் கெட்டுவிடும். அப்புறம் என்ன எரு போட்டும் பயனில்லை.

அதனால் நவம்பர் நடுவில் விதையுங்கள். நாற்றைப் பிடுங்கி நடும்போது பெருமழை ஓய்ந்திருக்கும், தை மாதக் குளிரில் பூ வரும்.

முதலில் விதை. பி.கே.எம். 1 என்ற தக்காளி ரகம் வாங்கலாம். நன்கு பழுத்த நாட்டுத் தக்காளி கிடைத்தால் விதையைச் சாறோடு பிழிந்து இரண்டு நாள் புளிக்க வையுங்கள். வழவழப்பு போனதும் அலசி, நிழலில் காயவைத்தால் போதும். ஹைப்ரிட் பழத்தின் விதை வேண்டாம், தாய்ச்செடி மாதிரி வராது.

அடுத்து நாற்று. கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கட்டியை ஊறவைத்து, உப்புப் போக ஒருமுறை அலசிப் பிழியுங்கள். அதில் இரண்டு பங்குக்கு ஒரு பங்கு மண்புழு உரம் கலந்து, அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், நிழலில் இருந்தால் நூலாக நீண்டு சாய்ந்துவிடும். மழை மட்டும் நேராக விழக்கூடாது.

25 நாளில் நடலாம். 12 அங்குல க்ரோ பேக், ஒரு பைக்கு ஒரே செடி. செம்மண், கோகோபீட், தொழு உரம் சம அளவு, ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டைப் பாதிவரை புதையுங்கள். மண்ணுக்குள் போகும் தண்டு முழுக்க வேர் விடும். சாயங்காலம் நட்டு, அன்றே குச்சியும் ஊன்றிவிடுங்கள்.

தண்ணீரைக் காலையில், தூரில் மட்டும் ஊற்றுங்கள். காயவிட்டுக் காயவிட்டு ஊற்றினால் பழம் வெடிக்கும், காயின் அடி கறுத்து அமுங்கும். பலர் இதை நோய் என்று மருந்தடிக்கிறார்கள். தண்ணீர் சீராக இல்லாமல் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததுதான் பெரும்பாலும் காரணம்.

இலை சுருண்டு செடி குறுகினால் வெள்ளை ஈ பரப்பும் வைரஸாக இருக்கும். தயங்காமல் பிடுங்கிவிடுங்கள். மற்றச் செடிகளுக்கு, லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் இலைக்கு அடியில் தெளியுங்கள்.

பூத்ததும் காலையில் கொத்தை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள், மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். காயில் இளஞ்சிவப்பு தட்டியதும் பறித்துச் சமையலறையில் பழுக்க வையுங்கள். ஒரு நாள் விட்டால் அணில் முந்திக்கொள்ளும்.