டவுன்ல கோழி வளர்க்கணுமா, குஞ்சு வாங்குறதுக்கு முன்னாடி டேப்பை எடுங்க

நிறைய பேர் குஞ்சைப் பாத்ததும் ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்துடுறாங்க, ரூல் என்னன்னு தேடுறது பக்கத்து வீட்டுல கம்ப்ளெயின்ட் குடுத்து நோட்டீஸ் வந்த அப்புறம்தான். தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, கடைசில அலையப்போறது அந்த வாயில்லா ஜீவன்தான்.

முதல்ல உங்க நகராட்சி விதியை முழுசா படிங்க. கால்நடைன்னு தனியா இல்லேன்னா சுகாதாரம், கட்டடம் இதுக்குள்ளயும் தேடுங்க, சில சமயம் ஒரே விஷயம் மூணு இடத்துல சிதறிக் கிடக்கும். எத்தனை கோழி வெச்சுக்கலாம், லைசன்ஸ் வேணுமா, சேவல் வெச்சுக்கலாமா, வீட்டுல அறுக்கலாமா, இதெல்லாம் குறிச்சுக்கோங்க. வாடகை வீடு, அபார்ட்மென்ட்னா ஓனர்கிட்டயும் அசோசியேஷன்லயும் தனியா கேக்கணும்.

எல்லாரும் சறுக்குறது தூரத்துலதான். கூடு இத்தனை அடி தள்ளி இருக்கணும்னு போட்டிருப்பாங்க, ஆனா எங்கிருந்து, காம்பவுண்ட் சுவர்ல இருந்தா பக்கத்து வீட்டுச் சுவர்ல இருந்தா? ரெண்டும் ஒண்ணு இல்லீங்க. டேப் பிடிச்சு அளந்து தரையில கோடு போட்டுட்டு, மிச்சம் இருக்குற இடத்தை வெச்சு எத்தனை கோழின்னு முடிவு பண்ணுங்க. ஒரு கோழிக்கு கூட்டுக்குள்ள 4 சதுர அடி, வெளில 10 சதுர அடியாவது குடுங்க, நெருக்கி அடைச்சா ஒண்ணை ஒண்ணு கொத்தி இறகைப் பிடுங்கிடும்.

அடுத்து சேவல். முட்டை போட சேவல் தேவையே இல்ல, அடைவெச்சு குஞ்சு பொரிக்கத்தான் வேணும், கூவுற சத்தத்துக்காக நிறைய நகரங்கள்ல தடையும் இருக்கு. ஆனா ஆண் பெண் பிரிக்காத குஞ்சு வாங்கினா ஏறக்குறைய பாதி சேவலாத்தான் வரும். அப்படி நான் வளர்த்த ஒண்ணு, கையில வந்து தீனி தின்னும், ஒருநாள் விடிகாலைல தொண்டை கட்டின மாதிரி கரகரன்னு கூவுச்சு, எனக்கு அழுகையே வந்துடுச்சு, வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியதாப் போச்சு. அதனால வளர்ந்த பெட்டையா வாங்குங்க, இல்லேன்னா சேவலை எடுத்துக்க ஆள் முன்னாடியே பேசி வைங்க.

புகார் வர்றது பெரும்பாலும் நாத்தம், எலி. தீவனத்தை மூடி போட்ட தகர டின்ல வைங்க, சிந்தினதை சாயங்காலமே கூட்டிடுங்க. எச்சத்தைக் காய்ஞ்ச இலையோட சேத்து மக்க வைங்க, பச்சையா போட்டா செடி கருகிடும். கோழியைத் தொட்டா சோப்பு போட்டு கை கழுவுங்க, பிள்ளைங்களையும் கழுவ வைங்க. திடீர்னு நாலஞ்சு ஒண்ணா செத்தா வெறும் கையால தொடாம உடனே கால்நடை டாக்டருக்குச் சொல்லுங்க, பறவைக் காய்ச்சலா இருக்கலாம்.

ஆடுன்னா விதி வேற, இடமும் அதிகம் கேப்பாங்க. ஒத்தை ஆடு துணையில்லாம கத்திக்கிட்டே இருக்கும், ரெண்டுக்கு அனுமதி இல்லேன்னா விட்டுடுங்க.

போன்ல ‘பரவாயில்ல, வெச்சுக்கோங்க’ன்னு யார் சொன்னாலும் எழுத்துல வாங்கிக்கோங்க.